புயலுக்குக் கட்டிய அறை

போன வருடம், பள்ளி விடுமுறை முடிந்து பிள்ளைகள் மறுபடியும் பள்ளிக்குப் போகத் தொடங்கிய முதல் வாரம். ஜாசின் பட்டணத்திலிருந்து பத்து நிமிடத் தூரத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. பாதி கல், பாதி பலகை, மேலே தகரக் கூரை. மழை பெய்தால் டீவி சத்தம் கேட்காது. அதற்கு மேல் அந்தக் கூரையைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று மதியம் நான் விடுப்பில் இருந்தேன். என் ஆறு வயதுச் சின்ன மகள் பின்னறையில் பள்ளிச் சீருடையோடு தூங்கிவிட்டாள். சட்டை கசங்குகிறதே என்று அவளைத் திட்டி எழுப்பிக் குளிக்க அனுப்பினேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. லாரியிலிருந்து கருங்கல்லைக் கொட்டுவதுபோல ஒரு சத்தம். வீடே ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டதுபோல இருந்தது. கூடத்தில் இருந்த பெரியவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சின்னவள் இருந்த குளியலறைக்குள் ஓடினேன். மேலே தண்ணீர்த் தொட்டி வைப்பதற்காக அந்த ஓர் இடத்துக்கு மட்டும் காங்கிரீட் போட்டிருந்தது. அதன் கீழே மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு நின்றோம்.

வெளியே வந்து பார்த்தபோது பின்னறைக்குக் கூரை இல்லை. ஓர் உத்திரம் மெத்தையின் குறுக்கே விழுந்து கிடந்தது. சின்னவளின் தலையணை அதற்கு அடியில் இருந்தது.

மலாயில் இந்தக் காற்றை ரிபுட் என்று சொல்வார்கள். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த நாளுக்குப் பிறகு வானம் கொஞ்சம் கறுத்தாலே வாசலுக்குப் போய்ப் பார்ப்பேன். அலுவலகத்தில் என் கணினியின் ஒரு மூலையில் எப்போதும் வானிலைப் படம் திறந்திருக்கும். என் கணவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறார். புதுத் தகரம் போட்டுவிட்டு வந்து, "பாதி வீட்டுக்குப் புதுசு போட்டாச்சு. நட்டு, போல்ட்டு எல்லாம் ஒண்ணாம் நம்பர். இன்னும் என்னலா?" என்றார்.

"ஒரு ரூம் வேணும். கூரையே போனாலும் நிக்கிற ரூம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கேலி செய்ய வாயெடுத்தவர் செய்யவில்லை.

பெரியவளுக்குப் பதினான்கு வயது, இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம். அவளுடைய கட்டம் போட்ட கணித நோட்டை வாங்கிப் படம் வரைந்தேன். சமையலறைக்கும் பின்னறைக்கும் நடுவில், வீட்டு நடை முடிகிற இடத்தில் ஏழடிக்கு ஆறடி. நான்கு மூலையிலும் கம்பி கட்டிய தூண். மேலே காங்கிரீட். ஜன்னல் கிடையாது, மூச்சுக்கு மட்டும் இரண்டு துவாரங்கள். அழித்து அழித்து வரைந்ததில் அந்தத் தாளே மெலிந்துவிட்டது. அனுமதி வாங்கப் போன இடத்தில், இந்த மாதிரி அறைக்கு விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்று அந்த அதிகாரிக்கே தெரியவில்லை. கடைசியில் 'ஸ்டோர்' என்று எழுதிக்கொண்டார்.

கொத்தனார் புலாவ் செபாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். என் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றினார்.

"ஜன்னல் இல்ல. இரும்புக் கதவு. மேல காங்கிரீட். என்ன தங்கச்சி, பேங்க் தொறக்கப் போறியா?"

"ரிபுட்டுக்கு அண்ணே."

அவர் நிமிர்ந்து தகரத்தைப் பார்த்தார். "நல்லதுதான். ஆனா இந்தப் படத்த எங்கியும் காட்டாத. என் வீட்டுக்காரி பார்த்தான்னா, எனக்கும் ஒண்ணு கட்டுன்னு நிப்பா. ஊருக்குக் கட்டறவன் வீட்டுல கட்ட மாட்டான்."

கதவு விஷயத்தில் ஒரு பெரிய விவாதமே நடந்தது. வெளிப்பக்கம் திறந்தால் அறைக்குள் இடம் மிச்சமாகும் என்றார் கொத்தனார். நானும் தலையாட்டினேன். அப்போதுதான் பெரியவள் குறுக்கே பேசினாள்.

"வெளிய மரம், கட்டை ஏதாச்சும் விழுந்து கெடந்தா கதவ எப்படித் தொறக்கறது அங்கிள்? உள்பக்கமா தொறக்கற மாதிரி வைங்க."

கொத்தனார் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "தங்கச்சி, உன் படத்துல இல்லாதது உன் பொண்ணு மண்டையில இருக்குலா." அப்படியே மாற்றிப் போட்டார். உள்ளே இரண்டு கனமான தாழ்ப்பாள் வைத்தார். ஒன்று மேலே, ஒன்று என் தோள் உயரத்தில்.

காங்கிரீட் போட்ட பிறகு ஈரச் சாக்கைப் பரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் நான் ஊற்றுவேன், பள்ளி விட்டு வந்து பெரியவள் ஊற்றுவாள். ஒரு நாள்கூட விடவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல அந்தக் காங்கிரீட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம்.

அறை முடிந்தது. பாலும் காய்ச்சினோம். அன்றுதான் அந்த வேலையைச் செய்தேன்.

கூடத்தில் இருந்த எங்கள் சாமிப் படங்களில் இரண்டு, முதல் காற்றில் கண்ணாடி உடைந்து நனைந்து போயிருந்தன. அந்த வருத்தம் என் மனதில் இருந்தது. இப்போது வீட்டிலேயே உறுதியான இடம், சுத்தமான இடம், யாரும் செருப்போடு நுழையாத இடம் இதுதான். கிழக்குச் சுவரும் வசதியாக இருந்தது. ஓர் அலமாரி அடிக்கச் சொல்லிப் படங்களையெல்லாம் உள்ளே வைத்து விளக்கேற்றினேன். கொத்தனார் தம் சாமான்களைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"இது ரிபுட்டுக்கா, சாமிக்கா?"

"ரெண்டுக்கும்தான் அண்ணே. சாமியும் கூட இருந்தா எங்களுக்கு டபுள் சேஃப்டி."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அதற்குப் பிறகு பயிற்சி. வாரம் ஒரு முறை, திடீரென்று "ரிபுட்!" என்று நான் கத்துவேன். பிள்ளைகள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். உள்ளே டார்ச், தண்ணீர், பிஸ்கட், விசில் எல்லாம் ஒரு வாளியில் தயாராக இருக்கும். சின்னவளுக்கு அது ஒரே விளையாட்டு. என் கணவர் கூடத்தில் உட்கார்ந்தபடி, "மேஜர் அம்மா, இன்னிக்கு பரேட் முடிஞ்சதா? நான் டீ குடிக்கலாமா?" என்று கேட்பார். நான் மசியவில்லை. முதலில் முப்பது வினாடி ஆனது. பிறகு பத்தொன்பதுக்கு வந்தோம்.

ஒரு வாரம் பெரியவள் ஓடவில்லை. வயிறு வலிக்கிறது என்றாள். "சரி, நீ வெளிய நின்னு டைம் பாரு" என்று கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, அவளுக்குப் பதிலாக நான் சின்னவளோடு ஓடினேன். நான்தான் தாழ்ப்பாளைப் போட்டேன். கதவுக்கு அப்பால் அவள் வினாடிகளை எண்ணுவது கேட்டது. அவளுக்கு ஏன் வயிறு வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள், மாலை நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஜாசினில் என் அலுவலகத்துக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. என் கணவர் வேலையில் இருந்தார். பிள்ளைகள் மட்டும்தான் வீட்டில். கைப்பேசியை எடுக்கும்போதே பெரியவள் அழைத்தாள்.

"மா, இங்க காத்து ஒரு மாதிரி அடிக்குது."

"தங்கச்சியக் கூட்டிக்கிட்டு ரூமுக்குள்ள போ. தாப்பாளப் போடு. இப்பவே."

"ம்... சரிம்மா."

அதோடு தொடர்பு போய்விட்டது.

யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரை எடுத்தேன். வழியெல்லாம் செம்பனை மட்டைகள் சாலையில் உருண்டன. எங்கள் பாதையில் திரும்பிய இடத்தில் ஒரு மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. காரை அங்கேயே விட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போது எனக்கு ஒரே ஒரு தைரியம்தான் இருந்தது. அறை இருக்கிறது. அறைக்குள் போய்விட்டார்கள். பத்தொன்பது வினாடி போதும். அதையே சொல்லிச் சொல்லி ஓடினேன்.

வீட்டுக்கு வந்தபோது காற்று ஓய்ந்திருந்தது. சமையலறைக்கு மேல் இருந்த பழைய தகரம் முழுவதும் போயிருந்தது. நாங்கள் கட்டிய அறை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் நின்றது. உள்ளே சின்னவள் விசிலை வாயில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள். அவள் உடம்பில் ஒரு துளி ஈரம்கூட இல்லை.

அறைக்கு வெளியே, நடையில், பக்கத்து வீட்டு மாக்சிக் தரையில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது மலாய்க்கார அம்மா; பெரியம்மா என்பதுபோல மலாயில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் மடியில் சாய்ந்திருந்தாள் என் பெரிய மகள். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் துணி சுற்றிக் கட்டியிருந்தது. அதையும் தாண்டி ரத்தம். ஒரு தகரத் துண்டு பறந்து வந்து அறுத்துவிட்டது. கட்டியிருந்தது என்ன துணி என்று ஒரு நிமிடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. மாக்சிக்கின் தலையில், எப்போதும் முக்காடாகக் கட்டியிருக்கும் துடோங் இல்லை. பதினைந்து வருடப் பழக்கத்தில் அவருடைய தலைமுடியை நான் பார்த்ததே இல்லை. நரைத்து, மெலிந்து, மழையில் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பாதையில் இருந்த ஆண்கள் எல்லாம் உதவிக்கு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவர் தலையை மூடிக்கொள்ள எழுந்திருக்கவில்லை. என் மகளின் கையை அழுத்திப் பிடித்தபடியே இருந்தார்.

"கெனாப்பா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஏன் என்று அர்த்தம். பிறகு அறையைக் காட்டி, இவ்வளவு நல்ல அறை இருக்கிறதே, இந்தப் பிள்ளை ஏன் வெளியே நின்றது என்று மலாயில் கேட்டார்.

நான் மகளின் மறு கையைப் பிடித்துக்கொண்டேன்.

மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற என் கார் வரைக்கும் அந்த ஆண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து உதவினார்கள். மாக்சிக் சின்னவளைத் தம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிளினிக்கில் பதினொரு தையல். தைக்கும்போது அவள் ஒரு சத்தம் போடவில்லை. நான்தான் கத்தினேன். பயம் தீர்ந்த பிறகு வருமே ஒரு கோபம், அது.

"எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன்? எத்தன வாரம் ஓடிப் பழகினோம்? ஏன் உள்ள போகல? சொல்லு!"

அவள் பக்கத்தில் நின்ற தாதியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னிக்கு ரெண்டாவது நாள்மா."

எனக்கு அப்போதும் பிடிபடவில்லை. "அதுக்கு?"

"சாமி படம் எல்லாம் உள்ள இருக்குல்ல. நான் எப்படிம்மா உள்ள போறது?"

தாதி தமிழ்ப் பெண். கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய கை ஒரு கணம் நின்று, மறுபடியும் சுற்றத் தொடங்கியது.

அவள் அதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. வீட்டுப்பாடத்தை எப்படிச் செய்தாள் என்று விளக்குவதுபோலச் சொன்னாள். தங்கச்சியை உள்ளே விட்டிருக்கிறாள். தாழ்ப்பாள் சின்னவளின் கைக்கு எட்டவில்லை. கதவு உள்பக்கம் திறக்கும். காற்று தள்ளினால் திறந்துகொள்ளும். அதனால் இவள் வெளியே நின்று இரண்டு கையாலும் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். உள்பக்கமாகத் திறக்கும்படி வைக்கச் சொன்னதே அவள்தான்.

"படத்த எடுத்து வெளிய வெச்சிட்டுப் போயிருக்கலாமே?" என்றேன்.

"தொடக்கூடாதேம்மா."

ஆமாம். தொடக்கூடாது என்று சொன்னது நான்தான். அதற்கு முந்தின வருடம் அவள் வயதுக்கு வந்து பெரியவளானபோது, பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். அந்த நாட்களில் சாமி இருக்கிற இடத்துக்குப் போகக் கூடாது, படத்தைத் தொடக் கூடாது என்று. என் அம்மா எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். நான் அடித்துச் சொல்லவில்லை, மிரட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. தூணுக்கு எத்தனை கம்பி, துவாரம் எவ்வளவு பெரிது, பிஸ்கட் எப்போது கெட்டுப்போகும் என்றெல்லாம் கணக்குப் போட்ட எனக்கு, மாதத்தில் நான்கு நாள் என் மகளுக்கு அந்த அறை கிடையாது என்பது மட்டும் தோன்றவே இல்லை. அவளுக்கு மட்டுமா? எனக்கும்தான் கிடையாது. அதுகூடத் தோன்றவில்லை.

செய்தி கேட்டுக் கிளேபாங்கிலிருந்து என் கணவரின் அக்கா அழைத்தார். நல்ல மனுஷிதான். "பாத்தியா, முறை தவறாம வெளிய நின்னுச்சு புள்ள. அதனாலதான் சாமி கையோட விட்டுச்சு" என்றார்.

"சாமி காப்பாத்தலன்னு நான் சொல்லல அண்ணி. சாமிய உள்ள வெச்சிட்டு என் புள்ளைய வெளிய நிறுத்தினது நான்தான்" என்றேன். சமாதானமாக எதையும் சேர்க்கவில்லை.

மகளிடம், "இனிமே எந்த நாளா இருந்தாலும் உள்ள போ, அம்மா சொல்றேன்" என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். அவளும் சரி என்றாள். கைக்கட்டு பிரித்த பிறகு ஒரு பயிற்சி வைத்தேன். சின்னவளை முன்னால் தள்ளிக்கொண்டு ஓடி வந்தவள், நிலைப்படிக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அலமாரியைப் பார்த்தாள். பிறகு காலை வைத்தாள். அந்த ஒரு கணத்துக்குள் ஒரு தகரம் எவ்வளவு தூரம் வரும் என்று எனக்குத் தெரியும்.

அன்றே கொத்தனாரை அழைத்தேன். சின்னவளின் கை எட்டுகிற உயரத்தில், அவளால் தள்ள முடிகிற மாதிரி இன்னொரு தாழ்ப்பாள். கூடத்துச் சுவரில் படங்களுக்கு ஓர் அலமாரி.

"மறுபடியும் சாமிக்குத் தகரக் கூரையா தங்கச்சி?" என்றார் அவர்.

"நனைஞ்சா தொடச்சுக்கலாம் அண்ணே."

அவர் என் மகளின் கையில் இருந்த தழும்பைப் பார்த்தார். அதற்குப் பிறகு கேலி பேசவில்லை. கூலியும் வாங்கவில்லை. அந்தத் தாழ்ப்பாளைச் சின்னவளை நிற்க வைத்து, அவள் கையை நீட்டச் சொல்லி, அந்த இடத்தில் குறி வைத்து அடித்துக் கொடுத்தார்.

படங்களை மாற்ற நல்ல நாள் பார்க்கலாம் என்றார் என் கணவர். அன்று எனக்கே விலக்கு நாள். அதனால் அன்றே செய்தேன்.

குளித்துவிட்டு வந்து பெரியவளைக் கூப்பிட்டேன். "இன்னிக்கு எனக்கு ரெண்டாவது நாள்" என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நாற்பத்து நான்கு வயது வரை செய்யாத வேலை அது. முதல் படத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தேன். திரும்பி வந்து அடுத்தது. மூன்றாவது படத்தை எடுக்கும்போது மகள் அறைக்குள் வந்து கையை நீட்டினாள்.

"குடுங்கம்மா. கண்ணாடி, மெதுவா."

இரண்டு பேருமாக எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தோம். விளக்கை நானே ஏற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. சின்னவள் பிஸ்கட் வாளியை எடுத்துக்கொண்டு வந்து, சாமிக்கும் ஒன்று வேண்டுமா என்று கேட்டாள்.

மாக்சிக்குக்குக் கிளேபாங் பக்கம் போய்ப் புதுத் துடோங் வாங்கிக் கொடுத்தேன். நல்ல நீல நிறம். அவர் வாங்கிக்கொண்டார்; ஆனால் பழையதையும் துவைத்துத் திருப்பித் தரச் சொன்னார். ரத்தக் கறை போகவில்லை என்று தயங்கினேன். பரவாயில்லை, அது நல்ல துணி என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

இப்போதும் வானம் கறுத்தால் வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன். வாரா வாரம் பயிற்சியும் நடக்கிறது. என் கணவரும் டீயை வைத்துவிட்டு ஓடி வருகிறார். பதினான்கு வினாடிக்கு வந்திருக்கிறோம். நிலைப்படியில் இப்போது யாரும் நிற்பதில்லை. சின்னவளும் ஒரு நாள் பெரியவளாவாள். அன்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து நான் சொல்லிக் கொடுக்கப் போவது ஒன்றுதான்: உயிருக்குப் பயந்து ஓடி வருகிற நாளில், இந்த வீட்டில் உனக்கு மூடிய கதவு எதுவும் இல்லை.